எடை ஏறட்டும் என்று காத்திருக்கலாமா?

கேள்வி: எங்கள் பெண் குழந்தைக்கு ஐந்து மாதம் ஆகிறது. பிறக்கும்போது 2.8 கிலோ, இப்போது 4.5 கிலோ. இதயத்தின் கீழறைச் சுவரில் 7 மி.மீ. ஓட்டை இருப்பதாக எக்கோ சொல்கிறது. இரண்டு முறை நிமோனியாவும் வந்துவிட்டது. சீக்கிரம் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார் டாக்டர். வீட்டுப் பெரியவர்களோ, "ஓட்டை தானா மூடிக்கும், புள்ள கொஞ்சம் தேறட்டும்" என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது? – விருதுநகர் வாசகி

பதில்: டாக்டர் சொல்வதைத்தான். உங்கள் குழந்தைக்கு எடை ஏறாததற்குக் காரணமே அந்த ஓட்டைதான். அது இருக்கும்வரை எடை ஏறுவது கடினம்.

உடலுக்குப் போக வேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கு ஓட்டை வழியாக இதயத்தின் வலது பக்கம் பாய்ந்து, மறுபடி நுரையீரலுக்கே போகிறது. நுரையீரலில் எந்நேரமும் ஈரம் கோத்திருப்பதால் மூச்சு வாங்குகிறது, சளி பிடிக்கிறது. குடிக்கும் பால் மூச்சு விடவே செலவாகிவிடுகிறது. பிறந்த புதிதில் நுரையீரல் ரத்தக்குழாய்கள் இறுக்கமாக இருப்பதால் கசிவு குறைவாக இருக்கும். ஆறு, எட்டு வாரத்தில் அவை தளர்ந்த பிறகே தொல்லை ஆரம்பிக்கும். பிரசவ வார்டில் குழந்தை நன்றாக இருந்ததற்குக் காரணம் இதுதான்.

பெரியவர்கள் சொல்வது முழுத் தவறும் இல்லை. தசைப் பகுதியில் இருக்கும் சின்ன ஓட்டைகள் பெரும்பாலும் தாமாகவே மூடிவிடும். ஆனால் ஓட்டையின் அளவை மகாதமனியின் (இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்) அளவோடு ஒப்பிட்டுத்தான் பெரிதா சிறிதா என்று சொல்ல முடியும். மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் சிறியது. ஐந்து மாதக் குழந்தைக்கு 7 மி.மீ. பெரியதுதான்.

இன்னொரு ஏமாற்றமும் உண்டு. சரிசெய்யாமல் ஒரு வயது, ஒன்றரை வயதைத் தாண்டினால் நுரையீரல் குழாய்கள் தடித்துப்போகலாம். அப்போது கசிவு குறைந்து, மூச்சிரைப்பும் தணிந்து, எடைகூட ஏறும். "பார்த்தீங்களா, தேறிடுச்சு" என்று வீடே நிம்மதி அடையும். உண்மையில் நோய் முற்றுவதன் அடையாளம் அது. பிறகு உதடும் நகமும் நீலம் பாரிக்கத் தொடங்கினால் ஓட்டையை மூடுவதே ஆபத்தாகிவிடும்.

ஆபரேஷன் தேதி வரை: பாலை 20 நிமிடத்துக்கு மேல் உறிஞ்ச விடாதீர்கள். நெற்றி வியர்த்தால் நிறுத்தி, மீதியைப் பீய்ச்சிப் பாலாடையில் கொடுங்கள். பவுடர் பால் என்றால் தண்ணீரைக் கூட்டவோ குறைக்கவோ டாக்டரைக் கேட்காமல் முயல வேண்டாம். நீர் பிரியும் மருந்தைச் சிரிஞ்சில் அளந்தே கொடுங்கள்; கரண்டிக் கணக்கு வேண்டாம். கடைக்காரர் வேறு கம்பெனி மருந்து தந்தால் ஒரு மி.லி.யில் எத்தனை மி.கி. என்று பாருங்கள்; அளவு தவறுவது பெரும்பாலும் அங்கேதான். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரட்டிப்பாகக் கொடுக்கக் கூடாது. வாந்தி, பேதி என்றால் உடனே டாக்டரிடம் கேளுங்கள். உரை மருந்து இப்போது வேண்டாம். தூங்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 60-ஐத் தாண்டினாலோ, விலாவுக்கடியில் குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ அன்றே ஆஸ்பத்திரி.

ஆபரேஷனில் நடு நெஞ்செலும்பைப் பிளந்து, இதய-நுரையீரல் இயந்திரத்தில் இணைத்து, வலது மேலறை வழியாக ஓட்டையில் ஒட்டுத் துணியோ, இதய உறையின் துண்டோ வைத்துத் தைப்பார்கள். இதற்குக் குறைந்தபட்ச எடை என்று இப்போது ஒன்றும் இல்லை. மூன்று கிலோக் குழந்தைகளுக்கும் செய்கிறார்கள். ஓட்டையின் விளிம்பை ஒட்டியே இதயத்துடிப்பின் மின்பாதை ஓடுகிறது. நூறில் ஒரு குழந்தைக்கு அது பாதிக்கப்பட்டு, துடிப்பைச் சீராக வைக்கும் பேஸ்மேக்கர் கருவி தேவைப்படலாம். இதைக் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பிய பிறகு, பிளந்த நெஞ்செலும்பு ஒன்றுசேர ஆறு வாரம் ஆகும். அதுவரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது. ஒரு கை கழுத்துக்கடியில், மறு கை புட்டத்தில். காலில் போட்டு நீவிக் குளிப்பாட்டுவது, குப்புறப் போடுவது, உரம் எடுப்பது எதுவும் கூடாது. பாட்டியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், பிறகு மனத்தாங்கல் வராது. தழும்பில் மஞ்சள், எண்ணெய், பவுடர் வேண்டாம். சீழ், தையல் விலகல், நெஞ்செலும்பில் 'கடக்' என்ற அசைவு, காய்ச்சல் இவற்றில் ஏதாவது இருந்தால் காத்திருக்க வேண்டாம். ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சலோடு சோர்வும் வாந்தியும் வந்தால் இதயத்தைச் சுற்றி நீர் சேர்ந்திருக்கலாம். எக்கோ எடுத்தால் தெரியும்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இல்லையென்றால் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றோடு இப்போதே விண்ணப்பியுங்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், பிறவிக் குறையுள்ள குழந்தைகளுக்காக உள்ள மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்திலும் வழிகாட்டுவார்கள்.

தடுப்பூசிகளை விடாதீர்கள், நிமோனியாவைத் தடுக்க உதவும் நிமோகாக்கல் ஊசியை முக்கியமாக. ஆபரேஷனில் ரத்தம் ஏற்றினால் ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசி சில மாதம் தள்ளிப்போகலாம் என்பதால் டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டிக் கேளுங்கள். ஒட்டு வைத்த ஆறு மாதத்துக்குள் பல், ஈறு சிகிச்சை ஏதும் வந்தால் முன்கூட்டியே ஆன்டிபயாடிக் தேவை. எக்கோவில் ஒட்டின் ஓரம் கசிவு தெரிந்தால் அதற்குப் பிறகும் தொடர வேண்டியிருக்கும்.