முதல்தரக் கிரிக்கெட்டில் ஓர் அணி ஒரே இன்னிங்ஸில் 1000 ரன்னைத் தாண்டியிருக்கிறதா? அது எப்படிச் சாத்தியமானது?

தாண்டியிருக்கிறது. டெஸ்ட், ரஞ்சி மாதிரி மாநில அணிகள் மோதும் பல நாள் ஆட்டங்கள் எல்லாம் சேர்ந்ததுதான் முதல்தரக் கிரிக்கெட். அதில் இரண்டே இரண்டு முறை. இரண்டும் ஒரே அணி, ஒரே மைதானம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா அணி, மெல்போர்ன் கிரிக்கெட் மைதானம். 1923 பிப்ரவரியில் டாஸ்மேனியாவுக்கு எதிராக 1059. அப்புறம் 1926 டிசம்பரில் நியூ சவுத் வேல்ஸுக்கு எதிராக 1107. கிட்டத்தட்ட நூறு வருடமாகியும் மூன்றாவதாக யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. 1997இல் கொழும்பில் இந்தியாவுக்கு எதிராக இலங்கை எடுத்த 952தான் அதற்கு அடுத்தபடி.

'எப்படிச் சாத்தியமானது' என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குத்தான் இந்த நீளப் பதில். எங்கள் ஊர் லீக் ஆட்டங்களுக்கு ஆறு வருடம் ஸ்கோர் எழுதியவன் நான். அதனால் ஒரு ஸ்கோர் அட்டையைப் பார்த்தால் என் கண் முதலில் பந்துவீச்சுப் பகுதிக்குத்தான் போகும். பேட்ஸ்மேன்களின் கூட்டுத்தொகையும் பவுலர்கள் கொடுத்த ரன்னும் ஒத்துப்போகாவிட்டால் ஆட்டம் முடிந்தும் வீட்டுக்குப் போக முடியாது. அந்தப் பழக்கத்தில் 1107 அட்டையையும் ஒருநாள் நோட்டில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன்.

நியூ சவுத் வேல்ஸ் பவுலர்கள் கொடுத்த ரன் இது: மெக்நமீ 124, மெக்கர்க் 130, மெய்லி 362, கேம்ப்பெல் 89, ஃபிலிப்ஸ் 64, மார்கன் 137, ஆன்ட்ரூஸ் 148, கிப்பாக்ஸ் 26. கூட்டினால் 1080. பவுலர் கணக்கில் சேராத உதிரி ரன் 27. மொத்தம் 1107. சரியாக டேலி ஆகிறது! பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ஆர்தர் மெய்லியின் வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். 64 ஓவர், மெய்டன் (ரன்னே கொடுக்காத ஓவர்) ஒன்றுகூட இல்லை, 362 ரன், 4 விக்கெட். ஸ்கோர் புத்தகத்தில் ஒரு பவுலருக்கு இருக்கும் கட்டங்கள் இருபது, இருபத்தைந்து ஓவருக்குத்தான் போதும். மெய்லிக்கு அந்த ஸ்கோரர் எத்தனை வரிசை ஒதுக்கியிருப்பார்!

அந்த 64 ஓவர் நாம் இன்று சொல்லும் ஓவர் அல்ல. 1918-19 முதல் ஆஸ்திரேலியாவில் ஓவருக்கு 8 பந்து. ஆக, மெய்லி வீசியது 512 பந்து. அதுவும் லெக் ஸ்பின், பந்தைத் தூக்கித் தூக்கிப் போடும் லெக் ஸ்பின். முதல்தரக் கிரிக்கெட்டில் ஒரு இன்னிங்ஸில் ஒருவர் கொடுத்த அதிகபட்ச ரன் இன்றும் அந்த 362தான். இவர் சாதாரணப் பவுலர் என்று நினைத்துவிடாதீர்கள். இதே மெல்போர்ன் மைதானத்தில் 1921இல் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டில் 121 ரன்னுக்கு 9 விக்கெட் சாய்த்தவர். அதே வருடம் இங்கிலாந்துப் பயணத்தில் குளோஸ்டர்ஷையரின் பத்து விக்கெட்டையும் 66 ரன்னுக்கு எடுத்தவர். ஒன்பது விக்கெட் எடுத்துக் கொடுத்த மண்ணிலேயே ஐந்து வருடம் கழித்து இப்படி அடி வாங்க வேண்டியிருந்தது.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். டிசம்பர் 24ஆம் தேதி நியூ சவுத் வேல்ஸ் முதலில் ஆடி 221க்கு ஆட்டமிழந்தது. பண்டிகை, ஞாயிறு எல்லாம் கழிந்து 27ஆம் தேதி விக்டோரியா மட்டை பிடித்தது. பில் வுட்ஃபுல்லும் பில் பான்ஸ்ஃபோர்டும் தொடக்க ஜோடி. முதல் விக்கெட் விழுந்தபோது 375. அன்று மாலை ஆட்டம் முடியும்போது ஒரு விக்கெட்டுக்கு 573. அதில் பான்ஸ்ஃபோர்ட் மட்டும் ஆட்டமிழக்காமல் 334. ஒரே நாளில் ஒரே ஆள்! மறுநாள் 352இல் பந்து அவர் மட்டையில் பட்டு உருண்டு ஸ்டம்பைச் சாய்த்தபோது, 'எனக்கு அதிர்ஷ்டமே இல்லை' என்று சொல்லிக்கொண்டே பெவிலியனுக்கு நடந்தார் என்று சொல்வார்கள். அவருடைய ரன் பசியைப் புரிந்துகொள்ள அது ஒன்றே போதும் என்று நினைக்கிறேன். வுட்ஃபுல் 133, ஹென்ட்ரி 100. ஜாக் ரைடர் சிக்ஸர்களாக விளாசி 295 எடுத்து, முச்சதத்துக்கு ஐந்து ரன் இருக்கும்போது அவுட். 44 வயது டான் பிளாக்கி கடைசி ஆளாக வந்து ஆட்டமிழக்காமல் 27. இந்த பிளாக்கிதான் இரண்டு வருடம் கழித்து 46 வயதில் முதல் டெஸ்ட் ஆடினார். விக்கெட் கீப்பர் எல்லிஸ் 63இல் ரன் அவுட்.

'எல்லிஸ் ரன் அவுட் ஆனது பாவம், நான் அப்போதுதான் லெங்த் (பந்து சரியான இடத்தில் விழுவது) பிடிக்க ஆரம்பித்திருந்தேன்' என்று மெய்லி பிறகு வேடிக்கையாகச் சொன்னாராம். 'ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்த ஒருவர் மட்டும் கேட்சை விடாமல் இருந்திருந்தால் என் கணக்கு இன்னும் நன்றாக இருந்திருக்கும்' என்றும் சொன்னதாக ஒரு கதை உண்டு. 362 ரன் கொடுத்துவிட்டு அப்படிச் சிரிக்க ஒரு மனசு வேண்டும். எனக்கு மெய்லியை ரொம்பப் பிடிக்கும்.

நியூ சவுத் வேல்ஸ் இரண்டாவது இன்னிங்ஸில் 230. இரண்டு இன்னிங்ஸையும் கூட்டினாலும் 1107க்கு 656 குறைவு. அதாவது விக்டோரியாவுக்கு இன்னிங்ஸ் மற்றும் 656 ரன் வெற்றி.

இப்போது உங்கள் 'எப்படி'. இதற்கு 'அந்தக் காலத்து பவுலிங் சொத்தை' என்று பதில் எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

முதல் காரணம், நேரக் கட்டுப்பாடு இல்லை. இந்த ஆட்டம் நடந்த ஷெஃபீல்ட் ஷீல்டு, ஆஸ்திரேலிய மாநில அணிகளுக்கான போட்டி, 1892-93இல் தொடங்கியது. நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா என்று மூன்றே அணிகள். குயின்ஸ்லாந்து சேர்ந்ததே 1926-27இல்தான். ஆட்டங்கள் குறைவு என்பதால் முடிவு தெரியும்வரை ஆடுவது வழக்கம். நான்கு நாள் கட்டுப்பாடு வந்தது 1927-28இல். அதற்கு முன் டிக்ளேர் செய்ய, அதாவது விக்கெட் மீதமிருக்கும்போதே இன்னிங்ஸை முடித்துக்கொள்ள, ஒரு கேப்டனுக்கு என்ன அவசியம்? எதிரணியை அவுட் செய்ய நேரம் போதாமல் போகும் என்ற பயம் இருந்தால்தானே டிக்ளேர் செய்வார்கள். அந்த பயமே இல்லை. 1107 வந்தது கட்டுப்பாடு இல்லாத கடைசிப் பருவத்தில். பத்து விக்கெட்டும் விழும்வரை ஆடித்தான் அந்த ரன் வந்தது என்பதைக் கவனியுங்கள்.

அடுத்தது மண். மெல்போர்னில் மெரி க்ரீக் என்ற ஓடைப் பக்கத்துக் கரிய களிமண். சிட்னியில் தெற்கே புல்லி என்ற ஊரிலிருந்து கொண்டுவந்த மண். நம் கரிசலைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நனைந்தால் ஒட்டும், காய்ந்தால் கல். தண்ணீர் விட்டு, கனமான உருளையால் உருட்டி, டிசம்பர் வெயிலில் காயவிட்டால் ஆடுகளம் சிமென்ட் தரை மாதிரி ஆகிவிடும். வேகப்பந்து சீராக எழும்பும், அதற்கு மேல் எதுவும் செய்யாது. சுழலும் அவ்வளவு சீக்கிரம் எடுக்காது. மழை பெய்தால் மட்டும் கதை தலைகீழ்.

மூன்றாவதை ஏனோ யாரும் எழுதுவதில்லை. அவர்கள் வேலை செய்த வேகம். விக்டோரியா ஆடியது 190 ஓவர் 7 பந்து. எட்டுப் பந்துக் கணக்கில் அது 1527 பந்து, இன்றைய கணக்கில் 254 ஓவருக்கு மேல். இதை வீசி முடிக்க ஆன நேரம் ஏறக்குறைய பத்தரை மணி. மணிக்கு 24 ஓவர்! இன்று டெஸ்டில் ஒரு நாளைக்கு 90 ஓவர் முடிக்கவே அரை மணி நேரம் கூடுதலாக வேண்டியிருக்கிறது. இன்றைய வேகத்தில் இதே இன்னிங்ஸ் ஏறக்குறைய மூன்று நாள் ஓடும். ரன் வேகத்தைப் பார்த்தால் ஆறு பந்துக்கு நாலரையைத் தொடவில்லை. ஆக, காட்டடி மட்டும் இல்லை. அடி வாங்குகிற அணி நேரத்தைக் கடத்தாமல் பந்தை எடுத்து எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்ததால்தான் இரண்டு நாளுக்குள் 1107 சாத்தியமானது. இந்த ஆட்டத்தில் நான் பெரிதாக மதிப்பது அதைத்தான்.

இது 1920களில் திடீரென்று முளைத்த வழக்கமும் அல்ல. 1900 டிசம்பரில் அடிலெய்டில் தெற்கு ஆஸ்திரேலியாவின் கிளெம் ஹில், நியூ சவுத் வேல்ஸுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 365 எடுத்தார். அடுத்த மாதமே சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் அதற்குப் பதில் சொன்னது. 1901 ஜனவரி 1ஆம் தேதிதான் ஆறு காலனிகளும் சேர்ந்து ஆஸ்திரேலியா என்ற நாடு பிறந்தது. விழா நடந்தது சிட்னியின் சென்டினியல் பார்க்கில். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் மைதானத்தில் அதே மாதம் 918 ரன். ஐரடேல் 118, நோபல் 153, சிட் கிரிகரி 168, டஃப் 119, பாய்டெவின் ஆட்டமிழக்காமல் 140. ஒரே இன்னிங்ஸில் ஐந்து சதம். விக்டர் ட்ரம்பருக்கு 70தான். தெற்கு ஆஸ்திரேலியா 157, 156. இன்னிங்ஸ் மற்றும் 605 ரன் தோல்வி. நாடு ஒன்றாகிவிட்டது, மைதானத்தில் பழைய காலனிப் போட்டி அப்படியே இருந்தது.

(நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு தகவல். 1988-89 ரஞ்சியில் பனாஜியில் கோவாவுக்கு எதிராகத் தமிழ்நாடு 6 விக்கெட்டுக்கு 912 எடுத்தது. டபிள்யூ.வி. ராமன் 313, அர்ஜன் கிருபால் சிங் ஆட்டமிழக்காமல் 302. அந்த 918க்கு ஆறு ரன் குறைவு.)

918க்குப் பிறகும் அந்த வழக்கம் தொடர்ந்தது. 1908-09இல் சிட்னியில் விக்டோரியாவுக்கு எதிராக நியூ சவுத் வேல்ஸ் ஒரே இன்னிங்ஸில் 815. அந்த ஆட்டத்தில் இரண்டு அணிகளும் சேர்ந்து 1911 ரன். 1925-26இல் அதே சிட்னியில் தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நியூ சவுத் வேல்ஸ் 642, 593. அந்த ஆட்டத்தில் இரண்டு அணிகளும் சேர்ந்து 1929 ரன்.

முதல் ஆயிரத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 1923இல் டாஸ்மேனியா வலுவான அணி அல்ல. விக்டோரியாவும் முன்னணி ஆட்களை இறக்கவில்லை. 22 வயதுப் பையன் ஒருவனைக் கேப்டனாக்கி அனுப்பியது. அந்தப் பையன்தான் பான்ஸ்ஃபோர்ட். 429 எடுத்து, ஒருவர் எடுத்த அதிகபட்ச ரன்னாக 1895 முதல் நின்ற இங்கிலாந்துக்காரர் ஆர்ச்சி மெக்லாரனின் 424ஐத் தாண்டினார். இதை முதல்தர ஆட்டமாகக் கணக்கில் எடுப்பதா என்று மெக்லாரன் தரப்பில் சர்ச்சை கிளம்பியது. பான்ஸ்ஃபோர்ட் பதில் சொன்னது மட்டையால். 1927 டிசம்பரில் குயின்ஸ்லாந்துக்கு எதிராக 437. அந்த ஒரு மாதத்தில் மட்டும் 133, 437, 202, 38, 336. ஐந்து இன்னிங்ஸில் 1146 ரன். 437ஐ 1930 ஜனவரியில் பிராட்மன் 452 எடுத்து மாற்றி எழுதினார்.

மறுபடி 1107க்கே வருகிறேன், ஏனென்றால் அந்தக் கதை அங்கே முடியவில்லை. சரியாக ஒரு மாதம் கழித்து இரண்டு அணிகளும் சிட்னியில் மோதின. 1107 எடுத்த அதே விக்டோரியா முதல் இன்னிங்ஸில் 35 ரன்னுக்குச் சுருண்டது. எழுத்துப் பிழை இல்லை, முப்பத்தைந்துதான். மெல்போர்னில் 24 ஓவர் வீசி 124 ரன் கொடுத்து ஒரு விக்கெட்கூட எடுக்காத ரே மெக்நமீ, சிட்னியில் 21 ரன்னுக்கு 7 விக்கெட். நியூ சவுத் வேல்ஸ் 469, அதில் ஆலன் கிப்பாக்ஸ் ஆட்டமிழக்காமல் 217. இன்னிங்ஸ் மற்றும் 253 ரன் வெற்றி.

என் நோட்டில் கடைசியாக எழுதிய பவுலர் நினைவிருக்கிறதா, 7 ஓவர் வீசி 26 ரன் கொடுத்தவர்? அந்த கிப்பாக்ஸ்தான் இவர். 1107 முழுவதும் மெல்போர்ன் வெயிலில் நின்று பந்து பொறுக்கியவர். இரண்டு வருடம் கழித்து, 1928 கிறிஸ்துமஸுக்கு, அதே மைதானத்தில் அதே விக்டோரியா. விக்டோரியா 376. நியூ சவுத் வேல்ஸ் 9 விக்கெட்டுக்கு 113. நாலு நாள் கட்டுப்பாடு வந்துவிட்டதால் ஆட்டம் முடிவில்லாமல் போகலாம். அதனால் முதல் இன்னிங்ஸில் யார் முந்துகிறார்கள் என்பதற்கு இப்போது மதிப்பு. உள்ளே வந்தவர் ஹால் ஹூக்கர், பந்துவீச்சாளர், கடைசி ஆள். கிப்பாக்ஸ் அவரைக் கூட வைத்துக்கொண்டு ஐந்து மணி நேரம் ஆடினார். கிறிஸ்துமஸ் அன்று அந்த விக்கெட் விழவே இல்லை. விக்டோரியாவின் 376 தாண்டியது, 400 தாண்டியது, கடைசியில் 420இல்தான் ஹூக்கர் அவுட். ஹூக்கர் 62, கிப்பாக்ஸ் ஆட்டமிழக்காமல் 260. சேர்ந்து எடுத்தது 307. முதல்தரக் கிரிக்கெட்டில் பத்தாவது விக்கெட்டுக்கு இன்றும் அதுதான் உச்சம்.