நன்றி சொல்லச் சொல்கிறார்கள்

அன்புள்ள ஐயா,

பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். மாசியில் கணவர் போனார், ஆவணியில் அம்மா. வருகிறவர்கள் எல்லாம், "ரெண்டு புள்ளைங்கள உட்டு வெச்சிருக்கானே, அதுக்கு சாமிக்கு நன்றி சொல்லு" என்கிறார்கள். கேட்கவே உடம்பு எரிகிறது. வீட்டில் விளக்கேற்றி மாதக்கணக்காகிறது. சாமியிடம் பேசினால் சண்டைதான் வருகிறது. பெரியவன் தீர்த்தமலைக்குப் போய்வரலாம் என்கிறான். இந்த மனசோடு மலையேறலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

மிச்சத்தைக் காட்டி நன்றி கேட்பது எனக்கும் பிடிப்பதில்லை. பிள்ளைகள் என்ன, கணவருக்கு ஈடாகக் கிடைத்தவர்களா? நன்றி என்று ஒன்று இருந்தால் அது போனவருக்குச் சேர வேண்டியது. ஒப்பாரி வைத்தபோதே அதைச் சொல்லியிருப்பீர்கள். சந்தையிலிருந்து என்ன வாங்கி வந்தார், காய்ச்சலில் எப்படிப் பார்த்துக்கொண்டார் என்றுதானே அழுகிறோம்?

உங்கள் தர்மபுரி மண்ணை, அன்றைய தகடூரை, ஆண்ட அதியமான் இறந்தபோது ஔவையார் அழுததும் இப்படித்தான். புறநானூற்றில் 235ஆம் பாட்டு. கள் கொஞ்சம் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, தானும் மகிழ்ந்து குடிப்பான். கறி இருக்கும் இடமெல்லாம் எங்களுக்கு, அம்பும் வேலும் பாயும் இடமெல்லாம் தனக்கு. நரந்தம் என்ற வாசனைப் பொருள் மணக்கும் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவுவான். அவன் வென்ற ஊர்க்கணக்கு எதுவும் அதில் இல்லை. ஆறுதலும் இல்லை. இனிப் பாடுகிறவரும் இல்லை, பாடுகிறவருக்குக் கொடுக்கிறவரும் இல்லை என்று கசந்துபோகிறார்.

232ஆம் பாட்டு இன்னும் கடுமை. அதியமானின் நினைவாக நட்ட நடுகல்லுக்கு மயில்பீலி சூட்டி, சிறு கலத்தில் கள் வார்க்கிறார்கள். மலையோடு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், இதையா வாங்கிக்கொள்ளப் போகிறான் என்று கேட்கிறார் ஔவையார். காலையும் மாலையும் இல்லாமல் போகட்டும், என் வாழ்நாளும் இல்லாமல் போகட்டும் என்கிறார். இதைவிடவா நீங்கள் சாமியிடம் சண்டை போட்டுவிட்டீர்கள்?

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பழைய நடுகற்கள் பலவற்றை வேடியப்பன் என்று கும்பிடுகிறோம். மாடு மீட்கப் போய்ச் செத்தவன், புலியோடு மோதிச் செத்தவன். ஒவ்வொரு கல்லுக்கும் பின்னால் ஒரு இழவு வீடு இருந்திருக்கிறது, அங்கேயும் ஒருத்தி மண்ணை வாரித் தூற்றியிருப்பாள். கோபத்தோடு வருகிறவர்கள் இந்தச் சாமிகளுக்குப் புதிதில்லை. (உங்கள் ஊர்ப் பக்கமும் ஒரு வேடியப்பன் இருப்பார் என்று நினைக்கிறேன்.)

விளக்கு இருக்கட்டும், தோன்றும்போது ஏற்றிக்கொள்ளலாம். தீர்த்தமலைக்குப் போங்கள். மகன் கூப்பிடுகிறான், அந்தக் காரணம் போதும். அவனும் அப்பாவைப் பறிகொடுத்தவன். வீட்டில் பேசாததை வழியில் பேசினாலும் பேசுவான். வெயிலுக்கு முன்னால் ஏறிவிடுங்கள். கும்பிடத் தோன்றாவிட்டால், பாறையிலிருந்து விழும் ராமர் தீர்த்தத்தில் தலையை நனைத்துக்கொண்டு இறங்கிவிடுங்கள்.

உறவுக்காரர்களிடம் வாதாட வேண்டாம். என்ன பேசுவதென்று தெரியாமல்தான் பாதிப் பேர் அப்படிச் சொல்கிறார்கள். "சரிங்க" என்று காபியைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.