முதல் உலகப்போர்ல நர்ஸா போன டீச்சருங்க: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கேள்வி: அண்ணா, என் கதையில இங்கிலாந்துல லங்காஷயர் பஞ்சாலைத் தொழிலாளியோட பொண்ணு, ஸ்கூல் டீச்சர், 1915ல வாலண்டியர் நர்ஸா பிரான்ஸ் போறா. நடக்கக்கூடியதா?

நடக்கும், ஆனா லேசுல நடக்காது. மொதல்ல அவ டீச்சர் ஆனதே பெரிய விஷயம்ங்க, தொழிலாளி வீட்டுப் பொண்ணு மில்லுக்கோ வீட்டு வேலைக்கோ போகாம தப்பிக்க இருந்த ஒருசில வழியில அது ஒண்ணு, சின்னப் பிள்ளைங்களுக்குப் பாடம் எடுத்துக்கிட்டே தானும் படிச்சு மேல வர்றது. அப்படி முட்டிமோதி வாங்கின சம்பளத்துலதான் வீட்ல அடுப்பு எரியும். வி.ஏ.டி.ங்கற தன்னார்வப் படை 1909ல ஆரம்பிச்சது, மொதல்ல சம்பளமே கிடையாது, அப்புறம் ராணுவ ஆஸ்பத்திரில இருந்தவங்களுக்கு வருஷத்துக்கு 20 பவுண்டு. சாப்பாடும் தங்க இடமும் உண்டுதான், வீட்டுக்கு அனுப்ப என்ன மிஞ்சும்? அவ போனப்புறம் வாடகைய யாரு கட்டுறாங்கன்னு ஒரு பக்கமாவது எழுதுங்க, கதையோட உயிரே அங்கதான் இருக்கு. வயசும் பாத்துக்கங்க, வெளிநாட்டுக்கு அனுப்ப 23 ஆகணும்னு விதி.

கேள்வி: டிரஸ் என்ன கலர்?

செஞ்சிலுவைச் சங்கம்னா நீலம், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்புன்னா சாம்பல்.

கேள்வி: இவங்க எந்த நர்சிங் காலேஜ்ல படிச்சாங்க?

படிக்கல. வி.ஏ.டி.ய நர்ஸுன்னு எழுதாதீங்க, தயவுசெஞ்சு. முதலுதவி, வீட்டு நர்சிங்னு சின்னச் சின்ன கோர்ஸ் முடிச்சவங்க அவங்க. நர்ஸுன்னா 3 வருஷம் ஆஸ்பத்திரில பயிற்சி எடுத்தவங்க.

கேள்வி: காயம்பட்டவனுக்கு அவ பென்சிலின் போடுற சீன் வச்சிருக்கேன்...

எடுத்துருங்க, பென்சிலினக் கண்டுபிடிச்சதே 1928ல. அங்க நிஜமா நடந்தது இன்னும் கொடுமை. எருப்போட்ட வயல் மண்ணு காயத்துக்குள்ள போயி சதை அழுகி வாயு கட்டிக்கும், அதுல கால் போனவங்க, உயிர் போனவங்க ஏராளம். கேரல்-டேக்கின் முறை வந்தப்புறம் காயத்துக்குள்ள ரப்பர் குழாய் வச்சு ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை மருந்துத் தண்ணி விட்டுக் கழுவுவாங்க, ராத்திரி பகல் கிடையாது. அந்த சீன எழுதுங்க.

கேள்வி: பணக்காரப் பொண்ணுங்களோட பொழுதுபோக்குதானே இது? பயிற்சி எடுத்த நர்ஸுங்களுக்கு இவங்களக் கண்டாலே ஆகாதாமே?

ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பாதீங்க. நர்ஸுங்க கோவத்துல நியாயம் இருக்கு. அவங்களுக்கு இது பொழப்பு. பயிற்சி எடுத்த நர்ஸு யாருன்னு காட்ட அரசாங்கப் பதிவேடு வேணும்னு போருக்கு ரொம்ப முன்னாடியிருந்தே போராடிட்டு இருந்தாங்க, சட்டம் வந்தது 1919லதான். அதுக்குள்ள சில மாசப் பயிற்சிக்காரங்கள சிப்பாய்ங்க "சிஸ்டர்"னு கூப்பிட்டா வயிறு எரியாதா? ஆனா பொழுதுபோக்குன்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். சீழ் பாத்திரம் கழுவி, கை வெடிச்சு, அதுலயே கிருமி தொத்திப் படுத்த பொண்ணுங்க இருக்காங்க. அதுலயும் சம்பள வேலைய விட்டுட்டு வந்த டீச்சர் பொண்ணையும் மாளிகைலேர்ந்து வந்தவளையும் ஒரே தட்டுல வைக்க முடியாது.

கேள்வி: அப்ப வசதி இல்லாதவங்க யாருமே வர முடியாதா?

வேலைய விடாமலும் செஞ்சாங்க. உள்ளூர் ஹால்ல, பெரிய வீடுங்கள்ல துணை ஆஸ்பத்திரி வச்சாங்க, அதுல சாயங்காலமும் லீவு நாள்லயும் போயி வேலை செய்யலாம். சமையல், கிளார்க் மாதிரி வேலைக்குச் சம்பளத்தோட தனிப் பிரிவும் போர் நடுவுல வந்துச்சு.

கேள்வி: டிரஸ் கலர் சொல்லுங்களேன்?

மேல இருக்கு.

கேள்வி: நர்ஸிங் டிகிரி...

காலேஜ் கேள்விக்குச் சொன்ன பதிலப் படிங்க.

கேள்வி: போர் முடிஞ்சு அந்த டீச்சர் என்ன ஆவா?

வார்டுல அவ கழிச்ச வருஷத்த அந்த 3 வருஷப் பயிற்சிக்கு ஈடா எடுத்துக்க மாட்டாங்க, நர்ஸாகணும்னா மொதல்லேர்ந்து படிக்கணும். இல்ல, மறுபடி ஸ்கூல். அங்கயும் கல்யாணம் பண்ணா பல ஊர்ல வேலைய விட்டு அனுப்பிடுவாங்க, அந்தத் தடை சட்டப்படி போனது 1944லதான்.