ஜீப்புக்கு அடியில் படுப்பது பற்றி

அன்புள்ள ஐயா,

நான் திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் கணிதம் கற்பிக்கிறேன். தாண்டிக்குடிக்கு மேலே அப்பாவின் காப்பித் தோட்டம் இருக்கிறது. போன வருடம் அவர் காலமானார். தோட்டத்தோடு அவருடைய 1994 மாடல் மகிந்திரா எம்.எம். 540 ஜீப்பும் என் பொறுப்புக்கு வந்தது. வீட்டில் எல்லாரும் விற்கச் சொல்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை.

காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறது. கிளம்பும்போது அடியில் ‘டொக்’ என்று ஒரு சத்தம். ஹேண்ட்பிரேக் பிடிப்பதே இல்லை, வண்டிக்கு நடுவில் இருக்கும் அந்த டிரம் முழுக்க எண்ணெய். இதற்கு ஒரு மெக்கானிக் சீல் என்கிறார், ஒருவர் ஃப்ளேஞ்ச் என்கிறார், இன்னொருவர் பேரிங் என்கிறார். ஆளுக்கொன்று சொல்லிக் காசு பிடுங்குகிறார்கள். படிக்காதவர்கள் செய்கிற வேலைதானே, நாமே கற்றுக்கொண்டால் என்ன என்று தோன்றிவிட்டது. வீடியோக்கள் பார்க்கிறேன். போன ஞாயிறு தோட்டத்திலேயே ஜாக்கி போட்டுப் பின்சக்கரத்தைத் தூக்கி, அடியில் படுத்து ஒரு மணி நேரம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பாதிதான் புரிந்தது. ஆனாலும் அவ்வளவு சந்தோஷம்.

நீங்கள் பழைய ஜீப் ஓட்டிய நாட்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அதனால் கேட்கிறேன். எந்த வேலையில் தொடங்கி எந்த வரிசையில் கற்றுக்கொள்வது? என்னென்ன டூல்ஸ் வாங்குவது? நாற்பதுக்கு மேல் இதெல்லாம் கைவருமா?

(பெயர் வேண்டாம்.)

---

அன்புள்ள நண்பருக்கு,

அப்பாவின் ஜீப்பை விற்க மனம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். விற்காதீர்கள். அதற்குக் காரணம் எதுவும் யாருக்கும் சொல்லவும் வேண்டாம். அந்த வண்டியில் இருக்கும் பீஜோ எஞ்சின், எக்ஸ்.டி.பி. 4.90, 2112 சி.சி., எலெக்ட்ரானிக் சமாச்சாரம் ஒன்றும் இல்லாத டீசல் எஞ்சின். நான்கு சிலிண்டர், 90 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்), பெயரிலேயே அது இருக்கிறது. காதும் கையும் மூக்கும் உள்ள ஒருவர் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வண்டி அமையாது.

ஆனால் நீங்கள் சந்தோஷமாக எழுதியிருக்கும் அந்த ஒரு வரியைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. ஹேண்ட்பிரேக் பிடிக்காத ஜீப். தாண்டிக்குடித் தோட்டத்தில் சமதளம் எங்கே இருக்கிறது? அதில் பின்சக்கரத்தைத் தூக்கிவிட்டு ஒரு மணி நேரம் அடியில் படுத்திருக்கிறீர்கள். தூக்கிய வண்டியைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டு வைத்ததாக எழுதவில்லை. சக்கரத்துக்குக் கல் வைத்ததாகவும் எழுதவில்லை. இவ்வளவு விவரமாக எழுதுகிற நீங்கள், வைத்திருந்தால் எழுதியிருப்பீர்கள். ஒரு டன்னுக்கு மேல் கனமுள்ள இரும்பு உங்கள் நெஞ்சுக்கு மேலே ஒரு பாட்டில் ஜாக்கியின் ரப்பர் சீலை நம்பி நின்றிருக்கிறது. இனி ஒருமுறை இப்படிச் செய்தால் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இதை உங்களுக்குக் கணக்காகவே சொல்கிறேன். உங்கள் ஜீப்பின் ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் இல்லை. கியர்பாக்ஸின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக்கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால், அந்த விசையைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்ட் கிளம்பும் இடத்தில் இருக்கிறது. இதன் மூதாதையான வில்லிஸ் ஜீப்பிலிருந்து வந்த பழக்கம் அது. நீங்கள் ‘நடுவில் இருக்கும் டிரம்’ என்று சொன்னீர்களே, அதுதான். அது பிடிப்பது ஷாஃப்ட்டை மட்டும். ஷாஃப்ட்டுக்கும் சக்கரங்களுக்கும் நடுவில், இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரத் தொகுதி உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பின்சக்கரங்களின் வேகத்தைக் கூட்டி இரண்டால் வகுத்தால் வருவதுதான் டிஃபரன்ஷியலின் வெளியுறை சுற்றும் வேகம். அந்த உறையைச் சுற்றுவது ஷாஃப்ட். ஷாஃப்ட் பூட்டிக்கொண்டால் அந்த வேகம் பூஜ்யம். அப்படியானால் இரண்டு சக்கரங்களின் கூட்டுத்தொகையும் பூஜ்யம். ஒன்று முன்னால் சுற்றினால் மற்றது அதே வேகத்தில் பின்னால் சுற்றலாம், தடையே கிடையாது. இரண்டும் தரையில் இருக்கும்வரை அது நடக்காது. ஒன்றைத் தூக்கிவிட்டால், தூக்கிய சக்கரம் காற்றில் பின்பக்கம் சுற்ற, தரையில் இருக்கும் சக்கரம் சரிவில் தாராளமாக உருண்டு போகும். ஹேண்ட்பிரேக் ஒழுங்காகப் பிடித்தாலும் போகும். கியரில் போட்டிருந்தாலும் போகும். கியரும் அதே ஷாஃப்ட்டைத்தானே பிடிக்கிறது.

முன்சக்கரம் பஞ்சரானால் இந்தச் சிக்கல் தெரியாது, பின்சக்கரம் இரண்டும் தரையில் இருப்பதால் வண்டி அசையாமல் நிற்கும். அந்த அனுபவத்தை நம்பித்தான் பலர் பின்சக்கரத்தையும் அதே தைரியத்தில் தூக்குகிறார்கள்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் போடியில் பட்டறை வைத்திருந்த ஒரு மெக்கானிக். விடியற்காலையில் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறிக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகும் ஜீப்புகள் சாயங்காலம் அவர் பட்டறைக்குத்தான் வரும். மறுநாள் விடிவதற்குள் முடித்துக் கொடுத்தாக வேண்டும். நான் அங்கே சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் ஜாக்கி போட்ட வண்டிக்கு அடியில் நான் தலையை நீட்டியதும் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்தார். திட்டவில்லை. பக்கத்தில் நின்ற இன்னொரு ஜீப்புக்குக் கூட்டிப்போனார். அது பின்பக்கம் இரண்டு சக்கரமும் தூக்கி, ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டில் நின்றது. ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் போட்டார். “இந்தா, இந்தச் சக்கரத்தைச் சுத்து. சுத்திக்கிட்டே அந்தப் பக்கம் பாரு” என்றார்.

சுற்றினேன். விரல் அழுத்தத்துக்கே சுலபமாகச் சுற்றியது. அந்தப் பக்கத்துச் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றியது. நடுவில் ஷாஃப்ட் ஒரு மயிரிழைகூட அசையவில்லை. “பிரேக்கு போட்டிருக்கு பாத்தியா? இப்ப போயி ரெண்டு கல்லு எடுத்துட்டு வா” என்றார்.

டிஃபரன்ஷியல் பற்றி நான் அப்புறம் படித்ததெல்லாம் அந்த ஒரு நிமிடத்துக்கு விளக்கவுரைதான். அவர் எட்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. அதனால்தான் உங்கள் கடிதத்தில் ‘படிக்காதவர்கள் செய்கிற வேலைதானே’ என்று வந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். கடிதம் வந்தபோது நானும் இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். நம் ஊரில் கையில் அழுக்குப் படுகிற எந்த வேலைக்கும் அறிவு வேண்டியதில்லை என்று படித்தவர்கள் எப்படி இவ்வளவு உறுதியாக நம்புகிறோம்? சாதியில் தொடங்கி ஐ.டி.ஐ.க்குப் போகும் பையனை உறவினர் பார்க்கும் பார்வை வரைக்கும் அந்த நம்பிக்கைதான் ஓடுகிறது. நீங்கள் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை என்று தெரியும். ஆனால் அந்த நினைப்போடு ஜீப்புக்கு அடியில் போனால் ஒன்றும் கற்றுக்கொள்ள முடியாது. படிக்காதவர் செய்கிற வேலை சுலபம் என்று நினைத்ததால்தான் கல் வைக்கத் தோன்றவில்லை. ஒன்றிலிருந்துதான் மற்றது வந்தது.

அவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள் என்கிறீர்கள். மூன்று பேர் சொன்னதும் உண்மையாக இருக்கலாமே. உங்கள் டிரம்மில் வழிவது டிரான்ஸ்ஃபர் கேஸின் கியர் ஆயில். பின் வாயில் எண்ணெயைத் தடுக்கும் சீல் தேய்ந்திருக்கிறது, முதலாமவர் சொன்னது சரி. சீலின் ரப்பர் உதடு, புரொபெல்லர் ஷாஃப்ட்டை இணைக்கும் ஃப்ளேஞ்சின் கழுத்தில்தான் உரசுகிறது. இத்தனை வருடம் உரசியதில் அங்கே ஒரு பள்ளம் விழுந்திருந்தால் புதுச் சீல் போட்டாலும் கொஞ்ச நாளில் மறுபடி கசியும், இரண்டாமவர் சொன்னதும் சரி. உள்ளே பேரிங் தளர்ந்து ஷாஃப்ட் ஆடினால் எந்தச் சீலும் தாங்காது. ஆக மூன்றாமவர் கணக்கும் தப்பில்லை. ஒருவர் மேலே இருப்பதைச் சொன்னார், ஒருவர் அடியாழத்தில் இருப்பதைச் சொன்னார். உங்களிடம் காசு எவ்வளவு இருக்கும், பொறுமை எவ்வளவு இருக்கும் என்று மதிப்பிட்டு ஒவ்வொருவரும் ஓரிடத்தில் நிறுத்திக்கொண்டார்கள். ஏமாற்றுகிறவர்களே இல்லை என்று சொல்ல மாட்டேன், இருக்கிறார்கள். ஆனால் ‘இப்போதைக்கு ஓடினால் போதும்’ என்று சொல்லி மட்டமான பார்ட்ஸ் போடவைப்பது பெரும்பாலும் வண்டிக்காரர்தான். பிறகு வந்து கத்துவதும் அவர்தான்.

அதனால் வரிசை என்று நீங்கள் கேட்டதற்கு என் பதில் இது. அந்த மூன்று பேரில் யார் பேரிங் என்று சொன்னாரோ, அவரிடம் போங்கள். வேலையைக் கொடுங்கள், சொன்ன கூலியைக் கொடுங்கள், கூடவே உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். கழற்றிய பார்ட்ஸைத் தட்டில் டீசல் ஊற்றிக் கழுவுகிற வேலையை உங்களுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். பனியன் வேஸ்ட்டால் துடைத்து, கழற்றிய வரிசையிலேயே அடுக்கி வையுங்கள். கழுவும்போதுதான் பல் தேய்ந்ததும் மெருகு கருத்ததும் கண்ணில் படும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பிரேக் சம்பந்தப்பட்ட ரப்பர் எதையும் டீசலிலோ பெட்ரோலிலோ கழுவக் கூடாது. ஊதிப்போகும். அதற்கு பிரேக் ஆயில்தான். சக்கரத்துப் பிரேக்கைத் தனியாகத் திறக்கிற யோசனையை இப்போது தள்ளிவையுங்கள்.

‘டொக்’ சத்தத்தை நீங்களே பார்க்கலாம். எஞ்சினை நிறுத்தி, நான்கு சக்கரமும் தரையில் இருக்க, முன்னும் பின்னும் கல் வைத்து, கியரை நியூட்ரலில் போடுங்கள். ஜாக்கியே வேண்டாம், அந்த ஜீப்புக்கு அடியில் கை போக இடம் இருக்கிறது. புரொபெல்லர் ஷாஃப்ட்டைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்புங்கள். கிராஸ் (ஷாஃப்ட்டின் முனையில் இருக்கும் சிலுவை வடிவ மூட்டு) இருக்கும் இடத்தில் ஷாஃப்ட் ஒரு பக்கமும் அதோடு இணையும் கவை போன்ற யோக் ஒரு பக்கமும் தனித்தனியாக அசைந்தால் கிராஸ் போய்விட்டது. அசைவு தெரியாவிட்டாலும் கிராஸின் கிண்ணத்தைச் சுற்றிச் செம்மண் மாதிரித் துரு உதிர்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே ஊசி பேரிங் கிரீஸ் இல்லாமல் காய்ந்து அரைபடுகிறது என்று அர்த்தம். காலை ஸ்டார்ட்டிங் தகராறு பெரிய விஷயம் இல்லை. மலைக் குளிரில் முதல் சந்தேகம் ஸ்டார்ட் செய்யும் முன் எஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக், அடுத்தது டீசல் லைனில் காற்று.

ஜாக்கி போட்டே ஆக வேண்டிய நாள் வரும். அன்றைக்குச் சமமான இடத்துக்கு, முடிந்தால் சிமெண்ட் தரைக்கு, வண்டியைக் கொண்டுபோங்கள். மண் தரையென்றால் ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் தடித்த பலகை வேண்டும். தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் அல்லது மரக்கட்டை. தூக்கியதும் ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு வைத்து, ஜாக்கியை இறக்கிக் கனம் முழுவதையும் ஸ்டாண்டில் உட்காரவையுங்கள். அப்புறம் வண்டியைத் தோளால் ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள். அசைந்தால் படுக்காதீர்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்டு ஆகாது, சொல்லாமல் நொறுங்கும். வண்டியைக் கியரில் விட்டு ஃபோர் வீல் லீவரைப் போட்டு வைப்பதும் நல்லது, முன் ஷாஃப்ட்டும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். முன்சக்கரத்தில், சக்கரத்தை ஆக்சிலிலிருந்து விடுவிக்கும் ஃப்ரீ வீல் ஹப் இருந்தால் அதையும் பூட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் பயன் இல்லை. இத்தனையும் செய்துவிட்டு, கூப்பிட்டால் காது கேட்கும் தூரத்தில் ஒருவரை நிற்கச் சொல்லுங்கள். தோட்டத்தில் தனியாக இருக்கும்போது அடியில் போகவே வேண்டாம். தம்பி மாதிரி நினைத்துச் சொல்கிறேன்.

வயதைப் பற்றிய கேள்வியை விடுங்கள்.

டூல்ஸில் பெரிய பெட்டி எதுவும் வாங்காதீர்கள். முதல் செலவு இரண்டு நல்ல ஸ்டாண்டு. அதன்பின் ரிங் ஸ்பேனர்கள். உங்கள் ஜீப்பில் எஞ்சின் நட்டுகள் மில்லிமீட்டரில் இருக்கும், சேஸிஸ் பக்கம் பலது அங்குல அளவு. 9/16 அங்குல நட்டு 14.3 மில்லிமீட்டர். 14 ஏறாது, 15 போட்டு அழுத்தினால் முனை மழுங்கிவிடும், பிறகு உளி வைத்துத்தான் எடுக்க வேண்டும். எனவே இரண்டு அளவும் வேண்டும். கோவையில் உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளிலும் சென்னையில் புதுப்பேட்டையிலும் தேடினால் பழைய கனமான அங்குல ஸ்பேனர்கள் கிடைக்கும். புதுசாக மின்னும் மலிவு செட்டை விட அவை எவ்வளவோ மேல்.

அந்த மெக்கானிக் ஃப்ளேஞ்சைக் கழற்றுகிற அன்று நீங்கள் அங்கே இருங்கள். கழுவித் துடைத்து, சீல் உட்காரும் வளையத்தின் மேல் நகத்தைக் குறுக்காக இழுத்துப் பாருங்கள். நகம் தட்டினால் பள்ளம் விழுந்திருக்கிறது. மாற்றச் சொல்லுங்கள், செலவு பார்க்காதீர்கள். தட்டியதா இல்லையா என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.