குளிர்காலத்தில் பாலைவன மலைப்பகுதியில் கேம்பிங் டிரெய்லரை இழுத்துக்கொண்டு பயணம் போகலாமா? வயதானவர்களுக்குத் தாங்குமா?

தாங்கும். நான் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்துக்காரன், வயது 64. மார்கழியில் 20 டிகிரிக்கே மங்கி குல்லா மாட்டுகிற ஆள். 2023 டிசம்பர் கடைசியில் சம்பா வயலைத் தம்பி பொறுப்பில் விட்டுவிட்டு, கலிபோர்னியாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். மகள், மாப்பிள்ளை, நான், என் வீட்டம்மா என்று நாலு பேரும் வாடகை டிரெய்லர் ஒன்றை (படுக்கை, அடுப்பு, சிங்க் எல்லாம் உள்ள சக்கர வீடு) பிக்கப் வண்டியில் மாட்டிக்கொண்டு, மூன்று ராத்திரி டெத் வேலி என்ற பாலைவனப் பள்ளத்தாக்குப் பக்கம் சுற்றினோம்.

முதலில் பாரம் ஏற்றுவது. மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்றால் புரியும். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து நோகும், பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும். டிரெய்லருக்கும் அதே கணக்குதான். அதன் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம், இழுக்கும் வண்டியின் கொக்கி மேல் உட்கார வேண்டும். அதற்குக் குறைந்தால் வேகத்தில் பின்னால் வருவது பாம்பு மாதிரி ஆட ஆரம்பிக்கும். மாப்பிள்ளை அரிசி, தண்ணீர்க் கேன், நாற்காலி எல்லாவற்றையும் பின் மூலையில் அடுக்கி வைத்திருந்தார். நான் பாதியை முன்னால் மாற்ற வைத்தேன்.

ரிவர்ஸ் எடுப்பதும் அப்படித்தான். முதல் ராத்திரி லோன் பைன் என்ற ஊரில் முகாம் இடத்துக்குள் வண்டியை விட முடியாமல் மாப்பிள்ளை கால் மணி நேரம் திணறினார். நான் இறங்கி நின்று, "மாப்பிள்ளை, பின்பக்கம் இடது பக்கம் போகணும்னா ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடிங்க" என்றேன். நெல் மூட்டையோடு டிராக்டர் டிப்பரைக் களத்தில் ரிவர்ஸ் எடுத்த அனுபவம் அமெரிக்காவில் உதவும் என்று நான் நினைத்ததே இல்லை.

அந்த ஊர் 1,100 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே 4,421 மீட்டர் விட்னி சிகரம், தலையில் பனியோடு. பாலைவனம் என்ற பேரை நம்பி மெல்லிசு சட்டை எடுத்துப் போனது என் தப்பு. ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டது. குழாயடியில் மாட்டிய ஹோஸைக் கழற்றாமல் படுத்துவிட்டோம். விடிந்து பார்த்தால் மூங்கில் கழி மாதிரி விறைத்துக் கிடக்கிறது. அதனால் சாயங்காலமே டிரெய்லர் டேங்கை நிரப்பிக்கொண்டு ஹோஸைக் கழற்றி உள்ளே வையுங்கள். சிங்குக்குக் கீழே இருக்கும் அலமாரிக் கதவையும் திறந்து வைத்தால், உள்சூடு பட்டுக் குழாய் உறையாமல் இருக்கும்.

பயணத்தில் என்னை ரொம்ப நேரம் பேசாமல் வைத்த இடம் அந்த ஊருக்குத் தெற்கே இருக்கும் ஓவன்ஸ் ஏரி. ஒரு காலத்தில் நிறைந்து கிடந்த ஏரி. 1913இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் சுமார் 375 கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டி ஓவன்ஸ் ஆற்றுத் தண்ணீரைத் திருப்பிக்கொண்டு போனது. அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்தில் ஏரி காய்ந்து உப்புத்தரை ஆகிவிட்டது. காற்றடித்தால் ஊரெல்லாம் உப்புத் தூசி. இப்போது தூசியை அடக்க அதே நகரமே ஏரியில் அங்கங்கே தண்ணீர் விட்டு வைக்கிறதாம். மேட்டூர் திறந்தாச்சா என்று ஜூன் மாதம் முழுக்கச் செய்தி பார்க்கிற கடைமடைக்காரனுக்கு இதையெல்லாம் சும்மா வேடிக்கை பார்க்க முடியவில்லை. மகள் வந்து கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் வண்டி ஏறினேன்.

அங்கிருந்து டெத் வேலிக்குள் போகும் 190ஆம் சாலை ஒரு பள்ளத்தாக்கில் இறங்கி, திரும்ப 1,511 மீட்டர் உயர டவுன் பாஸ் கணவாய்க்கு ஏறி, அப்புறம் ஒரே மூச்சில் கடல் மட்டத்துக்கு இறங்குகிறது. எங்கள் ஊரில் ஆற்றங்கரையை விட்டால் மேடே கிடையாது, எனக்கு வயிறு கலங்கியது. ஏறும்போது ஏசியை நிறுத்திவிடுங்கள், இஞ்சின் சூடேறாது. இறங்கும்போது கியரைக் குறைத்து இஞ்சின் பிடிப்பிலேயே வர வேண்டும். பிரேக்கிலேயே காலை வைத்திருந்தால் அது காய்ந்துபோய், வேண்டும்போது பிடிக்காது. பெட்ரோலை லோன் பைனிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், உள்ளே விலை எகிறும். போனில் சிக்னலும் பெரும்பாலான இடங்களில் இல்லை.

அடுத்த இரண்டு ராத்திரியும் ஃபர்னஸ் க்ரீக். 1913 ஜூலையில் 56.7 டிகிரி வெயில் பதிவான இடம். நாங்கள் போனபோது பகலில் நம் ஊர் மார்கழிக் காலை மாதிரி இதமாக இருந்தது. சரளைக்கல் கொட்டிய மைதானம் மாதிரி ஒரு முகாம், கரண்ட் இணைப்பு கிடையாது, ராத்திரி ஜெனரேட்டரும் போடக் கூடாது. ஹீட்டர் கேஸில் எரிந்தாலும் அதன் விசிறி பேட்டரியில்தான் ஓடுகிறது. வாடகைக்கு விட்டவர்கள் கொடுத்தது பழைய பேட்டரி, விடியற்காலை நாலு மணிக்கு நின்றுவிட்டது. மறுநாள் ஹீட்டரைக் குறைத்து வைத்து ஆளுக்கு இரண்டு ரஜாய் போட்டுக்கொண்டோம், விடியும்வரை ஓடியது. குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் அடைத்துவிடாதீர்கள். மூச்சுக்காற்றே ஈரமாகிக் கண்ணாடியில் வழிந்து மெத்தையை நனைக்கும். கூரையில் இருக்கும் காற்றுத் திறப்பைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். சூட்டுக்காக கேஸ் அடுப்பை எரியவிட்டுத் தூங்குவது மட்டும் கூடவே கூடாது. அந்தப் புகை வாசனை இல்லாமலே ஆளைக் கொன்றுவிடும்.

தண்ணீர் டேங்க் 150 லிட்டர். நாலு பேருக்கு, இரண்டு நாளைக்கு. மகளும் மாப்பிள்ளையும் கவலைப்பட்டார்கள், நாங்கள் படவில்லை. 2018 நவம்பரில் கஜா அடித்து எங்கள் தெருவில் ஒரு மாதம் கரண்ட் இல்லை. வாடகை ஜெனரேட்டர் வந்தால்தான் மோட்டார் ஓடும், அன்றைக்குப் பிடித்ததுதான் தண்ணீர். வீட்டம்மா அரிசி களைந்த தண்ணீரில் தட்டை அலசி, பிறகு நல்ல தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுத்தாள். குளியல் என்பது ஈரத்துணித் துடைப்புதான். கிளம்பும்போது டேங்கில் கால்வாசி மிச்சம் இருந்தது. ஆனால் கழிவுநீர்த் தொட்டி நிரம்பும் தறுவாயில் இருந்தது. அந்தக் கணக்கை யாரும் முன்னாடி சொல்வதில்லை.

வயதானவர்களுக்கு உண்மையான தொல்லை வறண்ட காற்றுதான். உதடு வெடிக்கும், மூக்கு எரியும். தாகம் தெரியாது என்பதால் நேரம் வைத்துக் குடிக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் கொண்டு போங்கள். டான்டேஸ் வியூ மலை உச்சிக்கு டிரெய்லர் ஏற அனுமதி இல்லை. அதை முகாமில் கழற்றி வைத்துவிட்டு வண்டியில் மட்டும் போனோம். கீழே சட்டையோடு நின்றவன் மேலே போர்வையைத் தேடினேன்.

கடைசி நாள் கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே இருக்கும் பேட்வாட்டர். வெறும் உப்புவெளி என்றுதான் சொல்லியிருந்தார்கள். அந்த வருஷம் ஆகஸ்டில் ஹிலரி புயல் ஓராண்டு மழையை ஒரே நாளில் கொட்டிவிட்டுப் போனதில் அங்கே ஏரியே நின்றது. வீட்டம்மா செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"வேதாரண்யம் உப்பளத்துத் தண்ணியேதான். இதுக்கா இவ்வளவு தூரம்?"

சொல்லிவிட்டு முக்கால் மணி நேரம் கரைக்கு வரவே இல்லை.