விடிகாலையில் வேலி தாண்டிய குதிரை: கேள்வி-பதில்

காலை ஐந்து மணிக்கு எழுந்து பார்த்தால் மூன்று குதிரைகளும் இல்லை. வேலி ஓரிடத்தில் சாய்ந்து கிடக்கிறது. எதை முதலில் செய்வது? (காங்கேயம்)

வேலியை அப்படியே விடுங்கள். அது ஓடிவிடாது. தார்ச்சாலை பக்கம் இருந்தால் இருபுறமும் ஆளுக்கொரு டார்ச்சோடு 200 அடி தள்ளி நிறுத்தி வண்டிகளை மெதுவாக்குங்கள். குதிரையைவிட வண்டியில் வருகிறவருக்குத்தான் அந்த நேரத்தில் ஆபத்து அதிகம். டார்ச் வெளிச்சம் தரையைப் பார்த்தே இருக்கட்டும், குதிரையின் கண்ணில் அடித்தால் மிரளும்.

அடுத்து ஒரே ஒருவர், அதுவும் தினமும் தீனி வைக்கிறவர், வாளியில் இரண்டு கைப்பிடி கொள்ளு போட்டுக் குலுக்கிக்கொண்டு போகட்டும். துரத்தாதீர்கள். பைக்கில் ஹாரன் அடித்து விரட்டவே கூடாது. கூட்டத்துக்கு ஒரு தலைமைக் குதிரை இருக்கும், பெரும்பாலும் வயதான பெண்குதிரை. அதைப் பிடித்தால் மற்றவை பின்னால் வரும். நேர் முன்னாலோ பின்னாலோ நெருங்காமல் இடது தோளை நோக்கிச் சாய்வாக நடங்கள். முதலில் கழுத்தைச் சுற்றிக் கயிறு, பிறகு முகக்கயிறு. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், விரல் போய்விடும்.

இட்டேரிக்குள், அதாவது இருபுறமும் வேலியுள்ள குறுகிய தடத்துக்குள், போயிருந்தால் உங்களுக்கு நல்லது. மறுமுனையில் ஒருவர் கைகளை விரித்து அசையாமல் நின்றால் போதும். குறுக்கே கயிறோ கம்பியோ கட்டாதீர்கள். மங்கலான வெளிச்சத்தில் அது குதிரைக்குத் தெரியாது.

பிடித்ததும் எண்ணுங்கள். ஒன்றொன்றாக நான்கு காலையும் தடவிப் பாருங்கள். அரை மணி நேரம் ஓய்வெடுத்த பிறகும் நாடி நிமிடத்துக்கு 60-ஐத் தாண்டினால் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

நாயை விட்டு மடக்கலாமா?

கூடாது.

மாலையில் நன்றாக இருந்த வேலி எப்படி விடிகாலையில் மட்டும் உடைகிறது? (தாராபுரம்)

மாலை ஆறு மணிக்குத் தீனியை வைத்துவிட்டுப் படுத்துவிடுகிறீர்கள், அதனால்தான். குதிரை ஒரு நாளில் 15 மணி நேரத்துக்கு மேல் மேயும் பிராணி. அதன் வயிறு மாட்டு வயிறு போல அசை போட்டுச் சமாளிக்காது. மூன்று மணிக்குப் பசி எடுத்தால் வேலிக்கு அப்பால் உள்ள புல்லுக்கு நெஞ்சைக் கொடுத்துத் தள்ளும். 300 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்குச் சுமார் 6 கிலோ காய்ந்த தீனி வேண்டும். அதில் பாதியை இரவு ஒன்பது, பத்து மணிக்கு வையுங்கள். காய்ந்த கொழுக்கட்டைப்புல் கிடைத்தால் அதைவிட நல்லதில்லை.

காட்டுப்பன்றி வேலிக்கு அடியில் நோண்டிய தடம், நாய்க்காலடி, பருவத்துக்கு வந்த பெண்குதிரை: இந்த மூன்றையும் பாருங்கள். கூடவே வேலியின் கல்லுக்கால்களைக் கையால் ஆட்டிப் பாருங்கள். இரண்டடிக்குக் குறைவாகப் புதைத்த கால் மழை பெய்த வாரத்தில் சாயும்.

ஐந்து வரிசை முள்கம்பி போட்டிருக்கிறேன். இன்னும் இரண்டு வரிசை கூட்டினால் நிற்குமா? (பல்லடம்)

குதிரையின் உயரம் எழுதவில்லை, கல்லுக்கால்களுக்கு இடைவெளி எழுதவில்லை, என்ன இடம் என்றும் எழுதவில்லை. ஆனாலும் பதில் ஒன்றுதான். முள்கம்பியைக் கழற்றுங்கள்.

முள்கம்பி மாட்டுக்கான வேலி. முள் குத்தினால் மாடு பின்வாங்கும், குதிரை பாயும். கால் மாட்டிக்கொண்டால் நின்று யோசிக்காது, முழு எடையையும் போட்டு இழுக்கும். முழங்காலுக்குக் கீழே குதிரைக்குச் சதை கிடையாது: தோல், அதற்குள் நரம்பு போல நீண்ட தசைநாண், அதற்குள் எலும்பு, அவ்வளவுதான். கம்பி அறுத்துக்கொண்டு போனால் தோல் காலுறை போல உரிந்து வரும். அங்கே ரத்த ஓட்டம் குறைவு. ஆறும்போது புண்ணுக்கு மேல் சதை பொங்கி வளர்ந்து மாதக்கணக்கில் இழுக்கும். தசைநாண் அறுந்த குதிரை பழையபடி ஓடாது. இத்தனைக்கும் காரணம் மலிவு என்று வாங்கிய ஒரு சுருள் கம்பி. தொய்ந்த முள்கம்பி இன்னும் மோசம், காலில் சுற்றிக்கொள்ளும். இரண்டு வரிசை கூட்டினால் மாட்டிக்கொள்ள இரண்டு இடம் கூடும், அவ்வளவே.

மாற்று இதுதான். எட்டு முதல் பத்தடிக்கு ஒரு கல்லுக்கால், இரண்டரை அடி ஆழம். மூன்று குறுக்குச் சட்டம், மூங்கிலோ பழைய ஜி.ஐ. பைப்போ. மேல் சட்டம் நாலரை அடி, பொலிகுதிரை (இனவிருத்திக்கான ஆண்குதிரை) என்றால் ஐந்தரை. கீழ்ச் சட்டம் தரையிலிருந்து ஓரடிக்குச் சற்று மேலே. சட்டங்களைக் கல்லுக்காலின் உட்புறம், குதிரை நிற்கும் பக்கம் கட்டுங்கள். வெளிப்புறம் கட்டினால் தள்ளும்போது கட்டு அவிழும். கூர்மையான மூலை வேண்டாம், மற்ற குதிரைகளிடம் அடிபடும் குதிரை அங்கேதான் சிக்கும்.

கையில் பணம் இல்லையா? முள்கம்பியை இப்போதைக்கு வெளி எல்லையாக விட்டுவிட்டு, ஐந்தடி உள்ளே வெள்ளை நாடா போட்ட சோலார் வேலி கட்டுங்கள். பொறுமை இருந்தால் மழைக்கு முன் கிளுவைக் குச்சி நடுங்கள், மூன்று வருடத்தில் உயிர்வேலி. கிளுவையிலும் முள் உண்டு, ஆனால் அது வளைந்து கொடுக்கும், காலைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. நம் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டை இத்தனை தலைமுறை காத்தது கிளுவைதான். அதை வெட்டிவிட்டு முள்கம்பி இழுப்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

கம்பி கிழித்த காயத்துக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்தோம். சரிதானே?

சரியில்லை. மருத்துவருக்குப் புண்ணின் ஆழம் தெரியாமல் போகும். ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் அழுத்துங்கள், நடுவில் எடுத்துப் பார்க்காதீர்கள். நின்ற பிறகு குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவுங்கள். தையல் போட வேண்டுமென்றால் ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள். மூட்டருகே சிறு துளையிலிருந்து மஞ்சளாகப் பிசுபிசுவென நீர் கசிந்தால் உடனே கூப்பிடுங்கள், மூட்டுக்குள் போயிருக்கிறது. ரணஜன்னிக்கு (டெட்டனஸ்) மிக எளிதில் பலியாகும் பிராணி குதிரை. கீறல் சிறிதானாலும் டி.டி. ஊசி கட்டாயம்.

சோலார் வேலி இருந்தும் குதிரை தொட்டுக்கொண்டே நிற்கிறது.

எர்த் சரியில்லை. ஆறடிக் கம்பி மூன்று, பத்தடி இடைவெளியில் மண்ணுக்குள் இறக்குங்கள். கோடையில் அந்த இடத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள், காய்ந்த மண்ணில் ஷாக் எடுக்காது. வேலியில் படும் புல்லை வெட்டுங்கள். மீட்டரில் 4,000 வோல்ட்டுக்குக் குறையக்கூடாது. வீட்டு மின்சாரத்தை நேரே வேலியில் கொடுப்பது கொலைக்குச் சமம், அதைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம்.

தப்பிய குதிரை பக்கத்துத் தோட்டத்தில் மக்காச்சோளம் நிறையத் தின்றுவிட்டது. இப்போது நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது நன்றாக இருப்பதால்தான் இப்போதே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். வயிற்றுவலி சில மணி நேரத்தில் வரலாம். குளம்பு வீக்கம் ஒன்றிரண்டு நாள் கழித்து வரும், வந்த பிறகு முழுதாகத் திருப்ப முடியாது. மருத்துவர் வரும்வரை தானியம் நிறுத்தம், குளம்புகளை ஐஸ் தண்ணீரில் வையுங்கள்.

சாலை நடுவிலுள்ள அரளியைக் கடித்ததாகச் சந்தேகம்.

ஒரு கைப்பிடி இலையே கொல்லும். காத்திருக்காதீர்கள்.

பக்கத்துக் காட்டுக்காரர் அடுத்த முறை பட்டியில் (அத்துமீறிய கால்நடைகளை அடைக்கும் இடம்) அடைப்பேன் என்கிறார். உரிமை உண்டா?

உண்டு. 1871-ஆம் ஆண்டு கால்நடை அத்துமீறல் சட்டத்தில் குதிரையும் அடங்கும். சேதத்துக்குப் பேசி முடியுங்கள், வேலியைச் சரிசெய்யுங்கள்.

ஆள் வர மதியம் ஆகும். அதுவரை வேலி உடைந்த இடத்தை வேலமுள் போட்டு அடைக்கலாமா? (வெள்ளகோவில்)

ஆட்டுப்பட்டி என்றால் சரி. குதிரைக்கு முள் குளம்பில் ஏறும், சீமைக்கருவேல முள் ஆழமாகப் போய்ச் சீழ் வைக்கும். இரண்டடி, நாலடி உயரத்தில் இரண்டு மூங்கிலைக் கயிற்றால் கட்டி, கண்ணில் படும்படி வெள்ளைச் சாக்குகளைத் தொங்கவிடுங்கள். அறுந்த கம்பித் துண்டுகளை ஒன்று விடாமல் பொறுக்குங்கள். வெளிச்சம் வந்ததும் ஒவ்வொரு குதிரையையும் கயிற்றில் பிடித்துப் புது அடைப்பை ஒருமுறை காட்டிவிட்டு அவிழ்த்துவிடுங்கள். அவிழ்க்கும்போது முகக்கயிற்றைக் கழற்ற மறக்காதீர்கள்.