விதிப் புத்தகத்தை மூடிவையுங்கள்

அன்புள்ள ஐயா,

நண்பர்கள் சிலர் வாராவாரம் கூடி டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறார்கள்; மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஒரு மாயக் கதைக்குள் ஆடும் விளையாட்டாம். என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். விதிப் புத்தகத்தைப் புரட்டினேன்; 300 பக்கங்களுக்கு மேல் ஓடுகிறது. அவ்வளவையும் படித்துவிட்டுத்தான் போக வேண்டுமா? இதில் யாரும் ஜெயிப்பதில்லை என்கிறார்கள். அப்படியானால் எதற்காக ஆடுவது? எனக்கு நடிக்கவும் வராது.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

படிக்க வேண்டாம். அந்தப் புத்தகத்தில் பெரும்பகுதி தேவைப்படும்போது தேடிப் பார்ப்பதற்கான பட்டியல்தான். முதல் ஆட்டத்துக்குப் போர்வீரன் ஒருவனைத் தேர்ந்தெடுத்துக்கொண்டால், மந்திரங்கள் அடங்கிய பெரிய பகுதியைத் திறக்கவே வேண்டியிராது.

ஆட்டம் நடக்கும் விதம் எளியது. ஆட்டத்தை நடத்துபவர், அதாவது டஞ்சன் மாஸ்டர், ஒரு சூழ்நிலையை விவரித்துவிட்டு 'என்ன செய்கிறீர்கள்?' என்று கேட்பார். நீங்கள் சொல்வீர்கள். அது பலிக்குமா என்பது சந்தேகமாக இருந்தால் மட்டும் பகடை உருளும்.

கோட்டை வாசலில் காவலாளி அரைத்தூக்கத்தில் இருக்கிறான், இடுப்பில் சாவிக்கொத்து. அதை உருவப் போவதாகச் சொல்கிறீர்கள். டஞ்சன் மாஸ்டர் இலக்கு 15 என்று வைக்கிறார். பகடையில் விழும் எண்ணோடு உங்கள் ஆளின் கைச்சுறுசுறுப்புக்கு 3 கூட்டிக்கொள்ளலாம். ஆகவே 20 முகப் பகடையில் 12 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். வாய்ப்பு 45 சதவீதம். இந்த இடத்தில் பக்கத்திலிருப்பவர், 'நான் குடிகாரனைப் போலத் தள்ளாடி வந்து அவனிடம் வழி கேட்கிறேன்' என்கிறார். நல்ல யோசனை என்று டஞ்சன் மாஸ்டருக்குப் பட்டால், பகடையை இரண்டு முறை உருட்டி, பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளச் சொல்வார். வாய்ப்பு ஏறக்குறைய 70 சதவீதமாகிவிடும். அந்த யோசனையைச் சொல்ல ஒரு விதியும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

சரி, இரண்டு முறையும் சொதப்பிவிட்டது: 3, 7. சோம்பேறி டஞ்சன் மாஸ்டர் 'கிடைக்கவில்லை, அடுத்தவர்' என்று நகர்ந்துவிடுவார். தேர்ந்தவர் விடமாட்டார். காவலாளி உங்கள் மணிக்கட்டைப் பிடிக்கிறான், முகத்தை உற்றுப் பார்க்கிறான், 'உன்னைத்தானே மூன்று நாளாகத் தேடுகிறார்கள்?' என்கிறான். எதற்குத் தேடுகிறார்கள் என்று உங்களுக்கே தெரியாது. மேசையைச் சுற்றி எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். சாவி கையில் சிக்கியிருந்தால் இந்தக் கிளைக்கதையே பிறந்திருக்காது. ஜெயிக்காமல் எதற்கு ஆடுவது என்ற உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான்.

இத்தனைக்கும் இந்த விளையாட்டு, வெற்றி தோல்வியே குறியான போர் விளையாட்டுகளின் வயிற்றில் பிறந்தது. பொம்மைப் படைகளை மேசையில் நகர்த்தி மோதவிட்டவர்கள்தான் இதைத் தொடங்கியவர்கள். 1960களின் இறுதியில் டேவிட் வெஸ்லி என்பவர், படைக்குப் பதிலாக ஆளுக்கொரு மனிதரைக் கொடுத்து ஆடவைத்தார். அந்தக் குழுவில் ஆடிய டேவ் ஆர்னெசன் அதை மாய உலகத்துக்குக் கொண்டுபோனார். பிறகு கேரி கைகாக்ஸுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், 1974இல் மூன்று சிறு புத்தகங்களாக ஒரு பெட்டியில் வெளிவந்தது. படை போய் ஒற்றை ஆள் வந்ததும், யார் ஜெயித்தார் என்பதைவிட அவனுக்கு என்ன ஆனது என்பது பெரிய கேள்வியாகிவிட்டது.

நடிப்பைப் பற்றிய கவலையும் வேண்டாம். குரலை மாற்றிப் பேசுவோர் இருக்கிறார்கள். சிலர் நன்றாகவே செய்வார்கள், சிலரைச் சகித்துக்கொள்ள வேண்டியிருக்கும். 'என் ஆள் அவனிடம் சமாதானமாகப் பேசிப் பார்க்கிறான்' என்று சொன்னாலே போதும். எனக்கு எரிச்சலூட்டுபவர்கள் வேறு ரகம்: தங்கள் வீரனின் பூர்வகதையைப் பத்துப் பக்கம் எழுதிக்கொண்டு வருகிறவர்கள். வாழ்க்கையில் நடக்க வேண்டியதெல்லாம் அவனுக்கு ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும்! உங்களுக்கு இரண்டு வரி போதும். யாருக்குக் கடன்பட்டிருக்கிறான், யாருக்குப் பயப்படுகிறான்.

செலவும் அதிகமில்லை. அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பகடைகளை முதல் நாள் யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள்ளலாம். எதை உருட்டுவது என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கதையில் உங்களுக்கு ஒவ்வாத விஷயம் ஏதேனும் இருந்தால் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். நல்ல குழுக்கள் அதைத் தாங்களாகவே கேட்கும்.

ஒன்றை மட்டும் தயார் செய்துகொண்டு போங்கள்: உங்கள் வீரனுக்கு ஒரு பெயர். உட்கார்ந்ததும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். புதிதாக வருகிறவர்களில் பலர் அங்கேதான் திருதிருவென்று விழிப்பார்கள்.